என் கை என் கை மாதிரி இல்லை: டிஸ்ஸோசியேஷன் பற்றித் தெரிந்தவர்கள் வரவும்

#1 தூரிகை

ஒரு கடுமையான பேனிக் அட்டாக்குக்குப் பிறகு ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருப்பேன், ஆனால் வாய் தானாகப் பேசுகிறது, நான் இரண்டடி தள்ளி நின்று கேட்கிறேன் என்று இருக்கும். கையைப் பார்த்தால் அது என் கைதான் என்று அறிவுக்குத் தெரிகிறது, மனசுக்கு ஒட்டவில்லை. சுற்றியுள்ளதெல்லாம் தட்டையாக, யாரோ வரைந்து நிறுத்தியதுபோல். நேற்று நடந்ததுகூட எப்போதோ நடந்தது மாதிரி தூரத்தில் கிடக்கிறது. பிடித்தவர்களைப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இருப்பதிலேயே அதுதான் பயமாக இருக்கிறது.

வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், செய்ய வேண்டியதைச் செய்கிறேன். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது.

தேடிப் பார்த்ததில் ‘டிஸ்ஸோசியேட்டிவ் கோளாறு’, அதாவது விலகல் கோளாறு என்று வந்தது. அடுத்த வீடியோவிலேயே ஒரே உடம்புக்குள் பத்துப் பேர் என்று காட்டினார்கள். அன்றோடு தூக்கம் போச்சு. பதற்றத்துக்காக ஏற்கெனவே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறேன். அவரிடம் இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ‘முற்றிவிட்டது’ என்று உள்ளே படுக்க வைத்துவிடுவாரோ என்று பயம். இப்படி இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

#2 கடைசிப்பெஞ்ச்

அப்படியே என் கதை. பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

#3 பழைய_வானொலி

தூரிகை, நீங்க எழுதினதை வரி வரியா நான் எழுதியிருக்கலாம். எனக்கு வருஷக்கணக்கா இருந்தது. இப்பவும் தூக்கம் கெட்டா எட்டிப் பாக்கும், ஆனா வந்து உக்காந்துக்கறதில்ல.

முதல்ல ஒண்ணு. நீங்க ‘மாதிரி’, ‘போல’ன்னு எத்தனை தடவை எழுதியிருக்கீங்கன்னு பாருங்க. கை உங்களோடது இல்லைங்கற ‘மாதிரி’ இருக்கு, ஆனா உங்களோடதுதான்னு தெரியும். உலகம் வரைஞ்சு வெச்சது ‘போல’ இருக்கு, ஆனா நிஜம்னு தெரியும். நான் பாத்த டாக்டர் முதல்ல பிடிச்சுக்கிட்டதே அதைத்தான். புத்தி பேதலிச்சவங்களுக்கு அந்த ‘மாதிரி’ கழண்டு போயிருக்கும். இதுக்குப் பேரு டீபெர்சனலைசேஷன், டீரியலைசேஷன். நம்ம மேலேருந்து நாமே விலகினது முதலாவது, உலகம் விலகினது ரெண்டாவது. ரெண்டும் சேர்ந்து வர்றதுதான் அதிகம்.

நீங்க பாத்த பத்துப் பேர் வீடியோ இந்தக் குடும்பத்துலயே வேற வீட்டு சமாச்சாரம். அதை மூடி வைங்க.

இதுக்குத் தீனி போடறது எதுன்னு சொல்றேன். சோதிச்சுப் பாக்கறது. ‘இப்ப இருக்கா? இப்ப போயிடுச்சா? கண்ணாடில பாத்தா நான்தானா?’ன்னு மணிக்கு நாலு தடவை உள்ளே எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா அது போகாது. பயம் கூடும், பயம் கூடினா விலகல் கூடும், விலகல் கூடினா திரும்பவும் பயம். எனக்கு நடந்த சிகிச்சையில பாதி இந்தச் சக்கரத்தை நிறுத்தறதுதான்.

ஆனா டாக்டர்கிட்ட மறைச்சு வெச்சுக்கிட்டு இதையெல்லாம் நீங்களே பண்ணிப் பாக்காதீங்க. மத்ததைத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

#4 மருந்துச்சீட்டு

நான் மனநல மருத்துவராகப் பணிபுரிகிறேன். இங்கே யாருக்கும் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பொதுவாகச் சில விஷயங்கள்.

தூரிகை விவரித்தது அரிதான அனுபவம் அல்ல. பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படி வந்துபோயிருக்கும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டி.எஸ்.எம்.-5. விபத்து, துக்கம், கடும் களைப்பு, தூக்கமின்மை, பேனிக் இவற்றில் எதுவும் அதைக் கொண்டுவரலாம். நீடித்து நின்று, வேதனை தந்து, வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் அது கோளாறு. அந்த நிலையில் இருப்பவர்கள் நூற்றில் ஒருவர் இருவர். பெரும்பாலோருக்குப் பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பிக்கிறது. நாற்பதைத் தாண்டி முதல்முறையாக ஒருவருக்கு வந்தால் நாங்கள் மனதை விட்டுவிட்டு முதலில் மூளையைச் சோதிப்போம்.

இளையவர்களிடமும் சிலவற்றை விலக்கித்தான் ஆக வேண்டும். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் ஆரம்பிக்கும் டெம்போரல் லோப் வலிப்பில் இதே உணர்வு சில நொடிகள் வந்து போகும். ஒற்றைத் தலைவலியிலும் வரும். தலையில் அடிபட்ட பிறகு வரலாம். கஞ்சா, கெட்டமின் போன்ற போதைப்பொருள்களுக்குப் பிறகு வருவது மிகச் சாதாரணம். சிலருக்குப் போதை தெளிந்த பிறகும் விலகல் தெளியாது. இதையெல்லாம் கேட்பதற்காக மருத்துவர் கேள்வி கேட்டால் குற்றம் சாட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயன்படுத்தியிருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

இனி உங்கள் பயம். இந்த உணர்வைச் சொன்னதற்காக மட்டும் யாரையும் உள்ளே படுக்க வைப்பதில்லை. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதுதான் அந்த முடிவைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி. விலகல் உணர்வு என்பது நாங்கள் வழக்கமாகக் கேட்கும் புகார்தான். நோயாளிகள் அதைச் சொல்லும் விதத்தில்தான் சிக்கல். ‘தலை சுற்றுகிறது’, ‘மயக்கமாக வருகிறது’, ‘ஒரு மாதிரி இருக்கிறது’ என்பார்கள். உடனே ரத்த அழுத்தம் பார்ப்போம், காது பார்ப்போம், ரத்தப் பரிசோதனை எழுதுவோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பியும் விடுவோம். நீங்கள் முதல் பதிவில் எழுதிய முதல் பத்தியை அப்படியே அச்செடுத்து அவரிடம் நீட்டுங்கள். அதைவிடத் தெளிவாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

#5 எதிர்க்காற்று

டாக்டர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்த இழை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், இப்போதே சொல்லிவிடுகிறேன். டீபெர்சனலைசேஷன் வேறு. ‘பல ஆளுமை’ என்பது சிகிச்சையாளர்களும் சினிமாவும் சேர்ந்து தயாரித்தது. 1980-ல் டி.எஸ்.எம்.-3 அதற்கென்று ஓர் இடம் கொடுத்தது, உடனே கூட்டம் பெருகியது. ஹிப்னாஸிஸ் போட்டு ‘உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டால் யாராவது வரத்தான் செய்வார்கள். நடக்காத குழந்தைப்பருவக் கொடுமைகள் ‘நினைவுக்கு வந்து’ குடும்பங்கள் உடைந்தன, பிறகு அதே நோயாளிகள் சிகிச்சையாளர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் செய்த பரிசோதனையைப் பாருங்கள்: சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையைச் சொல்லிவைத்ததும், 24 பேரில் நாலில் ஒரு பங்கு அதை முழுதாகவோ பாதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’.

#6 மூன்றாம்_மாடி

எதிர்க்காற்று, நான் அந்தத் ‘தயாரிப்பு’. டி.ஐ.டி. என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், நீங்கள் சொன்ன ‘பல ஆளுமை’யின் இப்போதைய பெயர். ஹிப்னாஸிஸ் எனக்கு யாரும் செய்ததில்லை.

அதற்கு முன் என் கோப்பில் மனச்சோர்வு என்று இருந்தது, பிறகு பைபோலார், பிறகு ஸ்கிஸோஃப்ரினியா. உள்ளே குரல்கள் கேட்கின்றன என்று சொன்னேன், அதற்கு மாத்திரை வந்தது. எடை கூடியது, குரல்கள் அப்படியே இருந்தன. அந்தக் குரல்கள் என்ன பேசுகின்றன, எத்தனை வயது மாதிரி இருக்கின்றன, எப்போதிருந்து கேட்கின்றன என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. டி.ஐ.டி. என்று கண்டறியும் முன் ஒருவர் சராசரியாக 5 முதல் 12 ஆண்டுகள்வரை ஏதாவதொரு மனநல சிகிச்சையில் அலைந்திருப்பார் என்று பல ஆய்வுகள் சொல்வதை ஆச்சரியமில்லாமல்தான் படித்தேன்.

சினிமாவில் தலையைச் சொடுக்கினால் கொலைகாரன் வருவான். என் வாழ்க்கையில் வருவது இதுதான்: நான் வாங்காத பொருள் என் பையில் இருக்கும். நான் எழுதியதாக ஒரு கடிதம் இருக்கும், கையெழுத்து கொஞ்சம் மாறியிருக்கும். ஒருவர் வந்து நேற்றுப் பேசியதன் தொடர்ச்சியைப் பேசுவார், நான் எதுவும் தெரியாமல் தலையாட்டுவேன். மதியத்திலிருந்து மாலைவரை காணாமல் போயிருக்கும். இதை மறைப்பதில் நான் கைதேர்ந்தவள். பார்க்கிறவருக்குக் கொஞ்சம் மறதிக்காரி, கொஞ்சம் மனநிலை மாறுகிறவள், அவ்வளவே. இந்தக் கோளாறே ஒளிந்துகொள்வதற்காக உண்டானது, மேடை ஏறுவதற்காக அல்ல.

லாஃப்டஸ் சொன்னது சரி. அதற்காகத்தான் என் தெரபிஸ்ட் நினைவுகளைத் தோண்டவே இல்லை. உங்கள் வாதம் மோசமான சிகிச்சைக்கு எதிரானது; அதில் நானும் உங்கள் பக்கம். நோய் இல்லை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

#7 எதிர்க்காற்று

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. விளக்கத்தைத்தான் மறுக்கிறேன். உள்ளே இருப்பது ‘பல ஆட்கள்’ என்பதற்கும், துன்பம் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

#8 மூன்றாம்_மாடி

‘பல ஆட்கள்’ என்று நான் எங்கே சொன்னேன்? 1994-ல் டி.எஸ்.எம்.-4 ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி’ என்ற பழைய பெயரைத் தூக்கிவிட்டு ‘டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி’ என்று வைத்ததே அதற்குத்தான். ஓர் ஆள், அந்த ஓர் ஆள் ஒன்றாகச் சேர்ந்து வளர முடியாமல் போனது.

#9 மருந்துச்சீட்டு

இந்தச் சண்டை நூறாண்டுக்கும் மேல் பழையது. பிரான்ஸில் உளவியலாளர் பியர் ஜானே 1889-லேயே விலகலைப் பற்றி விரிவாக எழுதினார். தாங்க முடியாத அனுபவம் நினைவோட்டத்தோடு கலக்காமல் தனியே பிரிந்து நின்று, தானாக இயங்குகிறது என்றார். அதன்பிறகு இந்தத் துறை பலமுறை மேலே ஏறி, கீழே விழுந்திருக்கிறது. 1990களின் விழுகைக்கு எதிர்க்காற்று சொன்னவை உண்மையான காரணங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சிமோன் ரெயிண்டர்ஸ் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், டி.ஐ.டி. உள்ளவர்களையும் அதேபோல் நடிக்கச் சொல்லப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். கற்பனைத்திறன் மிகுந்தவர்களையும் நடிப்பவர்களில் சேர்த்திருந்தார்கள். மூளை ரத்த ஓட்டம், இதயத் துடிப்பு முதலியவற்றில் தெரிந்த மாற்றங்களை நடித்தவர்களால் கொண்டுவர முடியவில்லை. அதே மாதிரி, டீபெர்சனலைசேஷன் உள்ளவர்களுக்கு அருவருப்பான படங்களைக் காட்டி மேரி ஃபிலிப்ஸ் குழு 2001-ல் ஸ்கேன் எடுத்தது. உணர்ச்சியோடு தொடர்புள்ள இன்சுலா பகுதி குறைவாகவே விழித்தது. உள்ளே எதுவும் அசையவில்லை என்று தூரிகை சொன்னது வெறும் உவமை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சின்ன ஆய்வுகள்தான், ஒன்றிரண்டை வைத்து வழக்கை மூடிவிட முடியாது. ஆனால் ‘எல்லாம் நாடகம்’ என்பதும் நிற்காது.

வகைகளைப் பற்றிக் குழம்புகிறவர்களுக்காக: 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-ல் இந்தக் குடும்பத்தில் உள்ளவை விலகல் மறதி, தன்னை மறந்த டிரான்ஸ் நிலைகள், டி.ஐ.டி.யும் அதன் பகுதி வடிவமும், டீபெர்சனலைசேஷன்-டீரியலைசேஷன், பிறகு நரம்பு நோய் மாதிரியே தோன்றும் வலிப்பு, செயலிழப்பு, பேச்சிழப்பு போன்றவை. கடைசியாகச் சொன்னதை டி.எஸ்.எம். வேறு அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. எனவே ஒரே ஆளுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் எழுதினால் ஒருவர் தவறு என்று பொருளில்லை. விலகல் மறதியில் சிலர் ஊரையும் பெயரையும் விட்டு எங்கோ போய்விடுவதும் உண்டு. 1887-ல் ஆன்செல் போர்ன் என்ற அமெரிக்கப் போதகர் காணாமல்போய், வேறு மாநிலத்தில் ஏ. ஜே. ப்ரவுன் என்ற பெயரில் கடை நடத்திக்கொண்டிருந்து, ஒரு காலையில் விழித்து ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று கேட்டார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அவரைப் பிறகு ஆராய்ந்தார். புத்தகத்துக்கு நல்ல கதை. நடைமுறையில் நாங்கள் பார்க்கும் மறதி இவ்வளவு நாடகத்தனமாக இருக்காது. ஒரு குறிப்பிட்ட காலம், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி மட்டும் வெற்றிடமாக இருக்கும்.

#10 தூரிகை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இணையத்தில் ஒரு கேள்வித்தாள் கிடைத்தது, 28 கேள்வி. போட்டுப் பார்த்தேன். 34 வந்தது. இப்போது என்ன?

#11 பழைய_வானொலி

இதைத்தான் சோதிச்சுப் பாக்காதீங்கன்னு சொன்னேன் :)

#12 மருந்துச்சீட்டு

அது விலகல் அனுபவங்களை அளக்கும் டி.இ.எஸ். 1986-ல் பெர்ன்ஸ்டைன், புட்னம் இருவரும் உருவாக்கியது. வண்டியில் போய்க்கொண்டே வழி நினைவில்லாமல் போவது, படத்தில் மூழ்கி அழைத்தது கேட்காமல் போவது போன்ற சாதாரண விஷயங்களும் அதில் உண்டு. வாங்கிய நினைவே இல்லாத பொருள்கள் சொந்த உடைமைகளுக்கு நடுவே இருப்பது போன்ற கேள்விகளும் உண்டு. சராசரி எண்ணைவிட எந்தக் கேள்விக்கு எவ்வளவு போட்டீர்கள் என்பதே எங்களுக்கு முக்கியம். 30-ஐத் தாண்டினால் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் என்று அர்த்தமில்லை. விரிவான மதிப்பீட்டுக்கு எஸ்.சி.ஐ.டி.-டி போன்ற நேர்காணல் முறைகள் இருக்கின்றன. பயிற்சி பெற்றவர் நேரில் அமர்ந்து, நேரமெடுத்துக் கேட்பது. அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் அதைக் காட்டி ‘எனக்கு இந்த நோய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதில் கூடுகிறது, எதில் குறைகிறது, நேரம் காணாமல் போகிறதா, இந்த ஐந்தும் எண்ணைவிடப் பெரிய தகவல்.

#13 நெறியாளர்

இரண்டு வேண்டுகோள். கடந்தகாலக் கொடுமைகளை விரிவாக விவரிக்க வேண்டாம். படிப்பவர்களில் பலருக்கு அதுவே தூண்டுதலாகிவிடும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் முறைகளை எழுதினால் பதிவு நீக்கப்படும். உயிரை விடும் எண்ணம் இப்போது இருக்கிறதென்றால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கோ உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண்ணுக்கோ உடனே போங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

#14 மருந்துச்சீட்டு

நெறியாளர் சொன்னதை ஒட்டி ஒரு வரி. வெளிநோயாளிகளாக வரும் டி.ஐ.டி. உள்ளவர்களில் 70 சதவிகிதத்துக்கும் மேலானோர் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது டி.எஸ்.எம்.-5. இதைப் பார்த்தபிறகும் ‘கவனத்தை ஈர்க்கிறார்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

#15 ஆலங்கட்டி

என் மனைவிக்கு வலிப்பு மாதிரி வரும். கை கால் உதறும், கூப்பிட்டால் பதில் இருக்காது. வலிப்பு மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், குறையவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் வீடியோவும் இ.இ.ஜி.யும் சேர்த்து வைத்துப் பதிவு செய்தார். வலிப்பு வரும்போது மூளையின் மின்பதிவில் வலிப்புக்குரிய மாற்றம் எதுவும் இல்லை. டிஸ்ஸோசியேட்டிவ் வலிப்பு என்றார்.

வெளியே வந்ததும் உறவில் ஒருவர் ‘அப்போ நடிப்பா?’ என்று கேட்டார். அந்த மருத்துவர் சொன்ன விதம் மட்டும் நன்றாக இல்லாமல் போயிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்லவில்லை. ‘இது இன்ன கோளாறு, உண்மையானது, நீங்களாகச் செய்வதில்லை, இதற்குச் சிகிச்சை உண்டு, வலிப்பு மாத்திரை இதற்கு வேலை செய்யாது’ என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். மாத்திரையை அவர் மேற்பார்வையில்தான் குறைத்தார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. சிலருக்கு இரண்டு வகை வலிப்பும் சேர்ந்தே இருக்குமாம்.

வரும்போது நான் செய்வது: பக்கத்தில் இருக்கும் கூர்மையானவற்றை நகர்த்துவேன், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைப்பேன். அழுத்திப் பிடிக்க மாட்டேன். வாயில் எதையும் திணிக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, ‘நான் இருக்கேன், இடம் பாதுகாப்பா இருக்கு, சீக்கிரம் அடங்கிடும்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பல தடவை அவளுக்குக் கேட்கத்தான் செய்கிறது, பதில் சொல்ல முடிவதில்லை. சுற்றி நிற்கிறவர்கள் பேசும் கிண்டலும் கேட்கிறது என்பதை அந்த உறவினருக்குச் சொல்லிவிட்டேன்.

#16 மருந்துச்சீட்டு

ஆலங்கட்டி எழுதியது கண்டறியப்பட்டவருக்கு, மருத்துவரோடு பேசி வைத்த திட்டப்படி. முதல்முறை வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சில் சிரமம், அடி, கர்ப்பம் என்று எது இருந்தாலோ அவசர உதவியை அழைத்தே ஆக வேண்டும். கண் இறுக மூடியிருந்தது, தலை பக்கவாட்டில் ஆடியது என்பதெல்லாம் எங்களுக்குத் துப்புகள்தான். வீட்டிலிருந்து தீர்ப்பு எழுத அவை போதாது. கைப்பேசியில் ஒரு பதிவு எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பேருதவி.

#17 கடைசிப்பெஞ்ச்

இதற்கு மாத்திரை இருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

#18 மருந்துச்சீட்டு

விலகலுக்கென்றே ஏற்கப்பட்ட மருந்து இல்லை. ஃப்ளுவாக்ஸெடின், லாமோட்ரிஜின் இரண்டையும் டீபெர்சனலைசேஷனுக்காகச் சோதித்த கட்டுப்பாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன. அப்புறம் ஏன் எழுதுகிறோம்? கூடவே மனச்சோர்வும் பதற்றமும் இருக்கும். அவை இறங்கினால் விலகலும் கொஞ்சம் இறங்கும். தூக்க மாத்திரை, பதற்றம் தணிக்கும் பென்ஸோ வகை மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும். பழகிவிடும் என்பதோடு, சிலருக்கு மந்தமும் விலகலும் கூடுகின்றன. பிரதான சிகிச்சை பேச்சு வழிதான். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும்.

#19 மூன்றாம்_மாடி

பேச்சுச் சிகிச்சை என்றதும் எல்லாரும் நினைப்பது, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பழசையெல்லாம் கொட்டி அழுதுவிட்டு எழுந்து வருவது. எனக்கு ஆரம்பத்தில் கிடைத்த ஒரு கவுன்சிலரும் அதைத்தான் செய்யச் சொன்னார். இரண்டாம் சந்திப்பிலேயே ‘நடந்ததைச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள்’. அன்று மாலை எப்படி வீடு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் எனக்கு ஆபத்தான வாரம்.

இப்போதுள்ள தெரபிஸ்ட் நேர் எதிர். வெகுநாள் நாங்கள் கடந்தகாலத்தைத் தொடவே இல்லை. தூங்குவது, சாப்பிடுவது, காயப்படுத்திக்கொள்ளாமல் ஒரு இரவைக் கடப்பது, விலகப்போகிறேன் என்று முன்கூட்டியே அடையாளம் காண்பது. எனக்குக் காதில் ஒரு இரைச்சல், பிறகு பார்வை ஓரங்களில் மங்கல் வரும். உள்ளே இருக்கும் மற்றப் பகுதிகளை விரட்டாமல், எதிரியாக நினைக்காமல், ஒரு நோட்டில் எழுதிப் பேசிக்கொள்வது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் நேரம் காணாமல் போவது அந்த நோட்டுக்குப் பிறகுதான் குறைந்தது.

அவர் சொன்னது மூன்று கட்டம்: முதலில் பாதுகாப்பும் நிதானமும், இரண்டாவது மனக்காயத்தின் நினைவுகள், மூன்றாவது சேர்ந்து வாழ்வது. விலகல் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு, ஐ.எஸ்.எஸ்.டி.டி., 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அதுதான். நேர்க்கோடு இல்லை, இரண்டிலிருந்து ஒன்றுக்குப் பலமுறை திரும்பிப் போயிருக்கிறேன். எல்லாப் பகுதிகளும் ஒன்றாகக் கரைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் இன்னும் கரையவில்லை. வேலைக்குப் போகிறேன், வாடகை கட்டுகிறேன், கோபம் வந்தால் அது யாருடைய கோபம் என்று இப்போது தெரிகிறது.

#20 எதிர்க்காற்று

இதை மனதாரச் சொல்கிறேன்: தோண்டாத சிகிச்சை என்றால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் எல்லா ஊரிலும் அப்படிப்பட்டவர் கிடைக்கிறாரா? ‘ஆழ்மனதைத் திறக்கிறேன்’ என்று பலகை வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

#21 மூன்றாம்_மாடி

அது நியாயமான பயம். நான் முதல் சந்திப்பிலேயே கேட்பவை: ட்ராமா (மனக்காயம்) சிகிச்சையில் எங்கே பயிற்சி? விலகல் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார்கள்? சந்திப்பின் நடுவில் நான் விலகிப்போனால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் நான் இருக்க மாட்டேன். ‘உங்களுக்குக் கட்டாயம் ஏதோ நடந்திருக்கிறது, மறந்துவிட்டீர்கள்’ என்று தானாகச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் உங்கள் நினைவை எழுதப் பார்க்கிறார். கண்ணசைவோடு காய நினைவுகளைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். நல்ல முறைதான், ஆனால் விலகல் இருக்கிறதா என்று பார்க்காமல் நேராக அதில் இறக்கினால் சிலருக்குக் கொந்தளித்துவிடும்.

நிபுணர் கிடைக்காவிட்டால்? நிதானமான, தன் எல்லை தெரிந்த, ‘இது எனக்குப் புதுசு, படித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லும் ஒருவரே எனக்குப் போதுமானவராக இருந்தார்.

#22 தூரிகை

இன்று போனேன். அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். ‘இதை ஏன் இவ்வளவு நாள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்றார், கோபமாக இல்லை. நேரம் காணாமல் போகிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். தூக்கம், தலைவலி, அடி, போதை எல்லாம் கேட்டார். ஒரு இ.இ.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். பதற்றத்தோடு ஒட்டி வந்த டீபெர்சனலைசேஷனாக இருக்கலாம், பரிசோதனை வந்த பிறகு எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. பேச்சுச் சிகிச்சை செய்கிற ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார். உணர்வு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இன்று முழுக்க அதைக் காவல் காக்கவில்லை.

நடுவில் வந்தால் என்ன செய்வது என்று கேட்க மறந்துவிட்டேன்.

#23 பழைய_வானொலி

சபாஷ்.

நடுவுல வந்தா: அதை விரட்டப் பாக்காதீங்க. ‘வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டும்’னு செஞ்சுக்கிட்டிருந்த வேலையைத் தொடருங்க. ரொம்ப இழுத்துச்சுன்னா புலன்களைப் பிடிச்சுக்கோங்க. பாக்கற அஞ்சு, தொடற நாலு, கேக்கற மூணு, வாசனை ரெண்டு, ருசி ஒண்ணுன்னு சொல்லித் தருவாங்க. எனக்கு எண்ணிக்கை எரிச்சல். குளிர்ந்த தண்ணியில கையை வெச்சுக்கிட்டு, அதோட குளிர் எப்படி இருக்குன்னு வாய்விட்டு விவரிப்பேன். பாதத்தைத் தரையில அழுத்துவேன். தேதி, கிழமை, எங்க இருக்கேன்னு சொல்லுவேன்.

கண்ணை மூடித் தியானம் பண்ணச் சொல்லி யாராவது சொன்னா யோசிங்க. பலருக்கு நல்லது, நம்மள மாதிரி சிலருக்கு இன்னும் தூரமாத் தூக்கிட்டுப் போயிடும். கண் திறந்து, நடந்துக்கிட்டே செய்யறது எனக்கு ஒத்து வந்தது. காப்பி, ராத்திரிக் கண்விழிப்பு ரெண்டையும் குறைங்க.

#24 ஆலங்கட்டி

வண்டி ஓட்டுவது, உயரத்தில் நின்று வேலை, தனியாக நீச்சல் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள், தூரிகை. உங்களுக்கு வலிப்பு இல்லை, அதனால் தடையில்லாமல் இருக்கலாம். என் மனைவிக்குத் தடை போட்டார்கள். முதலில் அவளுக்கு வலிப்பைவிட அந்தத் தடைதான் வலித்தது.

#25 வெண்டைப்பூ

தாமதமாக வருகிறேன். என் தங்கைக்குப் பதினாறு வயது. பள்ளியில் உட்கார்ந்தபடியே ‘எங்கோ போய்விடுகிறாள்’ என்று ஆசிரியர் சொல்கிறார். நேரமும் விடுபடுகிறது. மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அப்பா அம்மா பக்கத்தில் இருந்ததால் வாயே திறக்கவில்லை. அப்பாவே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். அடுத்த முறை என்ன செய்வது?

#26 மருந்துச்சீட்டு

அவளைத் தனியாகப் பார்க்கும்படி நீங்களே மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். போனிலோ ஒரு சீட்டிலோ சொன்னால் போதும். பதின்வயதினரோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசுவது எங்கள் வழக்கமான நடைமுறை, பெற்றோருக்கு அவமதிப்பு இல்லை. எது ரகசியமாக இருக்கும், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்த மருத்துவர் அவளிடம் முதலிலேயே விளக்க வேண்டும். விளக்கவில்லையென்றால் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

உட்கார்ந்தபடியே போய்விடுகிறாள் என்பதால் வலிப்பையும் பார்க்க வேண்டும். ஆசிரியரிடம் எவ்வளவு நேரம், கூப்பிட்டால் திரும்புகிறாளா, கண் இமைக்கிறதா, உதடு மெல்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

வீட்டில் அவளை உட்கார வைத்து ‘என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள்’ என்று விசாரிக்காதீர்கள். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், நம்புங்கள், சொன்ன வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். வீட்டிலேயே அவளுக்கு ஆபத்து இருக்கிறது என்று சிறிதளவு சந்தேகம் வந்தாலும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

#27 வெண்டைப்பூ

நாளைக் காலை போன் செய்கிறேன். ஆசிரியரிடம் இன்றே கேட்கிறேன்.